ஒன்பது வயதுத் தாய்ச்செடி சோர்ந்துவிட்டது: வயதா, நோயா, என் கைத்தவறா?

செப்புச்சிலந்தி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் மட்டும் படித்தால் போதும்.

என்னிடம் ஒரு செவ்வந்தி இருக்கிறது. வாங்கியதல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாக விதை தூவினேன். முளைத்த நாற்பதில் முப்பத்தொன்பது குப்பைக்குழிக்குப் போயின. மிஞ்சிய ஒன்றுக்குச் சிலந்திக்கால் போல நீண்டு நுனியில் கொக்கியாக வளைந்த இதழ்கள். வெளிப்புறம் வெளிறிய மஞ்சள்; உட்புறம் அப்போதுதான் துலக்கி வைத்த செம்பின் நிறம். முதல் பூ விரிந்த அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

இந்தச் செடி உலகத்தில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. பெருமையும் அதுதான், வயிற்றைக் கலக்குவதும் அதுதான். செத்துவிட்டால் வேறெங்கும் கிடைக்காது. அதன் விதையைப் போட்டால் வேறேதோ முளைக்கும், அது முளைக்காது.

ஆகவே தாய்ச்செடியாகவே வைத்துக் குச்சி கிள்ளி வருகிறேன். இப்போது நான்கு தாய்கள்: அ, ஆ, இ, ஈ. 'அ' மூத்தவள், விதையில் பிறந்தவள், ஒன்பது வயது. அடித்தண்டு என் கட்டைவிரல் பருமன். பட்டை வெடித்துச் சிறு மரம்போல இருக்கிறது. மற்ற மூன்றும் அவளிடமிருந்து எடுத்த குச்சிகள், மூன்று நான்கு வயது. நான்கும் 12 அங்குலத் தொட்டிகளில் கூரையின் கீழ் நிற்கின்றன. பூக்காமல் இருக்க இரவு 10 மணிமுதல் 2 மணிவரை டைமர் வைத்து விளக்குப் போடுகிறேன். பூவுக்கென்று விடும் செடிகளை மட்டும் தனியாக இருட்டில் வைப்பேன்.

சிக்கல் மூன்று. முன்பெல்லாம் குச்சி 12 நாளில் வேர்விடும். என் நோட்டில் தேதியோடு இருக்கிறது. இப்போது மூன்று வாரம் தாண்டுகிறது, அதிலும் மூன்றில் ஒன்று அழுகுகிறது. அடுத்தது, இலைகள் சிறுத்துவிட்டன, 'இ'யில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. மூன்றாவதுதான் உறக்கத்தைக் கெடுக்கிறது: விளக்குப் போட்டும் இரண்டு மாதமாகத் தாய்ச்செடிகளில் மொட்டு வருகிறது.

உரம் தவறாமல் கொடுக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றுகிறேன். குச்சி எடுக்கும்போது ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்கிறேன். இதில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பு, என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

தாய்ச்செடிக்கு ஆயுள் என்று ஒன்று உண்டா? 'அ' கிழவியாகிவிட்டாளா?


அவசரக்காரன் எழுதியது:

மெக்னீசியக் குறைபாடு. மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து இலைமேல் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். எனக்கு ரோஜாவில் வேலை செய்தது.


செப்புச்சிலந்தி எழுதியது:

நன்றி. ஆனால் இலை மஞ்சளாகவில்லை, சிறுத்திருக்கிறது. நிறம் கொஞ்சம் வெளிறல்தான்.


தாய்ப்பாத்தி எழுதியது:

தம்பி, தெளிப்பானைக் கீழே வை. நான் 22 ஆண்டு செவ்வந்தி நாற்றுப் பண்ணையில் தாய்ப்பாத்திகளுக்குப் பொறுப்பாக இருந்தவள். இப்போது ஓய்வு. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். பிழை இருந்தால் அவளைக் கேள்.

நீ மூன்று சிக்கலையும் ஒரே மூட்டையாகக் கட்டி "வயது" என்று சீட்டு ஒட்டிவிட்டாய். பிரித்துப் பார்ப்போம். முதலில் இவற்றுக்குப் பதில் சொல்.

மொட்டு எங்கே வந்திருக்கிறது? நீண்ட நாள் கிள்ளாமல் விட்ட முற்றிய கிளைகளில் மட்டுமா, போன வாரம் துளிர்த்த குருத்திலுமா? மொட்டுக்குக் கீழே உள்ள இலைகள் வழக்கம்போல மடல் மடலாக வெட்டுப்பட்டிருக்கின்றனவா, நாடா போல ஒடுங்கி நீண்டிருக்கின்றனவா?

கடைசியாக எப்போது ராத்திரி 11 மணிக்கு எழுந்து போய் அந்த விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்தாய்?

குச்சி எடுத்தபின் தாயில் எத்தனை இலை விடுகிறாய்? தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா?

ஒவ்வொரு தாயிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு குச்சியையாவது பூக்க விட்டுப் பார்க்கிறாயா, அல்லது எல்லாம் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததைப் பூக்க விடுகிறாயா?

பதில் சொல், பிறகு திட்டுகிறேன்.


செப்புச்சிலந்தி எழுதியது:

அம்மா, நேற்று ராத்திரி 11 மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விளக்கு எரியவில்லை.

பல்பு போய்விட்டது என்று நினைத்தேன். பல்பு நன்றாகவே இருக்கிறது. டைமரைத் திருப்பிப் பார்த்தால் அதன் முள் பிற்பகல் 3 மணியைக் காட்டுகிறது. சுற்றும் தட்டு வைத்த பழைய டைமர் அது. மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரமும் நின்று, வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். பத்து நிமிடம், அரை மணி என்று பல மாதங்களாகச் சேர்ந்து எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதாவது என் விளக்கு காலை 6 மணிக்கு எரிந்து 10 மணிக்கு அணைந்திருக்கிறது, சூரியனுக்குத் துணையாக.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. காலையில் அது எரிவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரோ சுவிட்சைத் தட்டிவிட்டார்கள் என்று இரண்டு பேரைத் திட்டியும் இருக்கிறேன்.

மற்ற பதில்கள்: மொட்டு இளங்குருத்திலும் இருக்கிறது. முற்றிய கிளைகளில் வந்த மொட்டுகளுக்குக் கீழேதான் நீங்கள் சொன்ன நாடா இலைகள். 'அ'வில் அப்படி ஆறேழு கிளைகள். குச்சி எடுத்தபின் இலை எதுவும் கணக்கு வைத்து விடுவதில்லை. நீளமாக வேண்டும் என்று அடிவரை வெட்டுவேன். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் உண்டு, சுரண்டினால் உதிர்கிறது. கடைசிக் கேள்விக்கு, கைக்கு வந்ததைத்தான் பூக்க விடுகிறேன்.


தாய்ப்பாத்தி எழுதியது:

வெட்கப்படாதே. பண்ணையிலேயே இது நடக்கும். அதனால்தான் எங்கள் இரவுக் காவலாளிக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தோம். 12 மணிக்கு எந்த வரிசையில் விளக்கு எரிகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைமரை நம்புவதைவிடத் தூக்கம் வராத மனிதரை நம்பலாம்.

மொட்டுக் கணக்கு இதுதான். செவ்வந்தி குறும்பகல் செடி என்பார்கள். 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலையையும் மற்றச் செடிகளையும் வைத்து இதை எழுதியபோது பகலின் நீளம் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் செடி எண்ணுவது இருட்டை. விட்டுப்போகாத நீண்ட இருட்டு கிடைத்தால் மொட்டுக் கட்டும். நடுவில் விளக்குப் போட்டு ஒரு நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக உடைத்தால் அதற்குக் கணக்குத் தப்பிவிடும். உன் டைமர் நாலைந்து மணி நேரம் பிந்தியபோதுகூடச் செடி ஏமாந்துகொண்டுதான் இருந்திருக்கும். விளக்கு விடியலோடு ஒட்டிப் பகலை நீட்டியிருக்கும். விளக்கு விடிந்தபின் எரியத் தொடங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இளங்குருத்து மொட்டுகளுக்குக் காரணம் அது.

நாடா இலை மொட்டுகள் வேறு ஜாதி. விளக்குச் சரியாக இருந்தாலும், ஒரு கிளையைக் கிள்ளாமல் விட்டால், குறிப்பிட்ட எண்ணிக்கை இலை போட்டபின் அது தானாக ஒரு மொட்டை முனையில் வைத்துவிடும். இதை நாங்கள் முடிமொட்டு என்போம். எந்த விளக்காலும் தடுக்க முடியாது. தடுக்கும் வழி விரல்தான்: மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா நுனியையும் கிள்ளு. குச்சி வேண்டாம் என்றாலும் கிள்ளிக் குப்பையில் போடு. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு இது மனசு வராது, "வீணாகிறதே" என்பார்கள். தாய்ச்செடிக்கு வேலை குருத்துப் போடுவது. அதை நிறுத்தினால்தான் அது முதிர்கிறது.

வேர்விடாத சிக்கலும் இங்கேயே வந்துவிடுகிறது. அடிவரை வெட்டுகிறேன் என்றாயே, நீ எடுப்பது குச்சி அல்ல, விறகு. நுனியிலிருந்து நாலு விரற்கடை, அவ்வளவுதான், ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். கத்தரியே வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ஒடிந்த முகம் பச்சையாகவும் ஈரமாகவும் முழுசாகவும் இருக்கும். நார் இழுத்துக்கொண்டு தொங்கினாலோ நடுவில் வெள்ளைச் சோறு தெரிந்தாலோ குழல்போல ஓட்டை இருந்தாலோ அது முற்றியது, தூக்கி எறி. முற்றிய குச்சி வேர்விட மூன்று வாரம் எடுக்கும், அதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். இளங்குச்சி சரியான சூட்டில், 18 முதல் 21 டிகிரியில், இரண்டு வாரத்துக்குள் வேர்விடும். உன் நோட்டில் உள்ள 12 நாள் பொய்யல்ல.

ஒடித்த இடத்துக்குக் கீழே தாயில் இரண்டு மூன்று நல்ல இலையாவது நிற்க வேண்டும். அந்த இலைக் கக்கங்களிலிருந்துதான் அடுத்த குருத்து வரும். அடிவரை வெட்டினால் மரத்திலிருந்து குருத்து வரவேண்டும். வரும், ஆனால் சோம்பி, ஒல்லியாக வரும்.

விளிம்பில் வெள்ளை என்பது உப்பு. உரம் "தவறாமல்" போட்டதன் பலன். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடு. மாதம் ஒருமுறை செய். தழைச்சத்தை அளவோடு கொடு. கொழுத்த குச்சி பார்க்க அழகு, பாத்தியில் வைத்தால் கூழ்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு நல்ல செய்தி சொல்லித் தூங்கப் போயிருப்பேன். ஆனால் 'இ' எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கும் உப்பும் முற்றலும் நான்கு தொட்டிக்கும் பொது. இலை சிறுத்து வெளிறியது 'இ'யில் அதிகம் என்றால் அதில் மட்டும் ஏதோ உண்டு. நாளைக்கு எழுதுகிறேன், கண் வலிக்கிறது என்கிறாள் பேத்தி.


ஒட்டுமாங்கன்று எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடிப்படையில் ஒரு சந்தேகம். குச்சி என்பது அதே செடியின் ஒரு துண்டுதானே? ஒன்பது வயதுச் செடியின் குச்சிக்கும் ஒன்பது வயதுதானே? அப்படியானால் 'அ'வைத் தூக்கிவிட்டுப் புதுக் குச்சி வைத்தாலும் கிழத்தன்மை கூடவே வராதா? நகலின் நகலின் நகல் மங்கத்தானே செய்யும்?


தாய்ப்பாத்தி எழுதியது:

ஒட்டுமாங்கன்று என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் கேட்கலாமா? நியாயமான கேள்விதான்.

இங்கிலாந்தில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஒரு ஆப்பிள் விதையைப் போட்டாள். இன்று உலகத்தில் உள்ள பிராம்லி ஆப்பிள் மரங்கள் அத்தனையும் அந்த ஒரு மரத்தின் ஒட்டுகளும் ஒட்டுகளின் ஒட்டுகளும்தான். 200 ஆண்டு தாண்டியும் காய்க்கின்றன. மூலமரம் பூஞ்சை பிடித்து நொந்துபோனது. ஆனால் அதன் வழிவந்தவை நொந்துபோகவில்லை. பெயர்க்கதை வேறு: பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்பவர், "ஒட்டுக்குச்சி எடுத்துக்கொள், ஆனால் என் பெயரை வைக்க வேண்டும்" என்றாராம். விதை போட்ட பெண்ணுக்குப் பெயர் கிடைக்கவில்லை. செப்புச்சிலந்தித் தம்பி, நீ பெயரை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்.

ஆக, வழி முதிர்வது வேறு, உடம்பு முதிர்வது வேறு. ஒரே தொட்டியில் ஒன்பது ஆண்டு நிற்கும் உடம்பு முதிரும்: அடி மரமாகும், வேர் சுருளும், உப்பு சேரும், ஒவ்வொரு வெட்டுக்காயம் வழியாகவும் ஏதாவது குடியேறும். நுனிக்குருத்தில் அந்தச் சுமை பெரும்பாலும் இல்லை. நாங்கள் பண்ணையில் ஒரு தாயை நாலைந்து மாதத்துக்கு மேல் வைத்ததே இல்லை. புதுக் குச்சி தாயாகும், பழையது குழிக்குப் போகும். வீட்டில் அவ்வளவு வேகம் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பல ஆண்டு வாழ வேண்டியது வழிதான்.

ஆனால் நீ சொல்லும் மங்கல் ஒரு விதத்தில் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சில சமயம் ஒரு கிளை மட்டும் நிறம் மாறிவிடும். செவ்வந்தியில் இது சாதாரணம்; புது நிறங்கள் பல இப்படிக் கிளைமாற்றத்தில் கிடைத்தவைதான். பூக்கவே விடாத தாய்ச்செடியில் இது எப்படித் தெரியும்? தெரியாது. எங்கள் பண்ணையில் ஒரு மஞ்சள் ரகம். ஒரு தாயின் ஒரு கிளை மாறியிருக்கிறது. இலையில் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தக் கிளைதான் கொழுத்து வளர்ந்தது என்று அதிலிருந்தே அதிகம் எடுத்தோம். மூன்று பாத்தி. வாங்கிப்போனவர் தோட்டத்தில் பூத்தபோது எலுமிச்சைத் தோல் நிறம் வரவேண்டிய இடத்தில் மோர் நிறம். அந்த மனிதர் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றுமுதல் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு குச்சியைக் கட்டாயம் பூக்கவிட்டோம், தாயின் எண்ணை எழுதி.

இனி 'இ'.

செவ்வந்திக்குக் குட்டை நோய் என்று ஒன்று உண்டு. 1940களில் அமெரிக்கப் பசுங்குடில்களில் முதலில் கவனித்தார்கள். வைரஸ் என்றே நெடுநாள் நினைத்தார்கள். 1971இல் டீனர் என்ற விஞ்ஞானி உருளைக்கிழங்கில் வைரஸைவிடச் சிறியதைக் கண்டு வைராய்டு என்று பெயர் வைத்தார். செவ்வந்தியில் இருப்பதும் அந்த இனம்தான் என்று அதன் பிறகே தெளிந்தது. சுமார் 350 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. வளையம், அவ்வளவே. மேலே புரதச் சட்டைகூடக் கிடையாது. சட்டை இல்லாததால்தான் உன் ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது. ஸ்பிரிட் பாக்டீரியாவைக் கொல்லும், சரி. வைராய்டு ஸ்பிரிட்டில் குளித்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். கத்தியை நெருப்பில் காட்டினாலும் நம்ப முடியாது. துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அன்றன்றைக்குக் கலக்கியது: அதில் ஒரு நிமிடமாவது ஊற வேண்டும். இரண்டு கத்தரி வைத்துக்கொள், ஒன்று ஊறும்போது மற்றது வேலை செய்யட்டும். துருப்பிடிக்கும், பிடிக்கட்டும், கழுவி எண்ணெய் போடு. இதனால்தான் விரலால் ஒடி என்கிறேன். ஒடித்தால் விரல் சாற்றைத் தொடுவது குறைவு. விரலுக்கும் சோப்பு உண்டு, செடிக்குச் செடி.

நான்கு ஆண்டாகக் கண்டிப்பாகத் துடைத்த கத்தரியால் நீயே பரப்பியிருக்கலாம். திட்டுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். ஆனால் பரவிவிட்டதா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் உள்ளே இருக்கும். ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்வார்கள். அல்லது பழைய வழி: நான்கு தாயிலிருந்தும் ஒரே நாளில், ஒரே பருமனில் ஐந்து குச்சி எடு. ஒரே மண், ஒரே தொட்டி அளவு, பக்கம் பக்கமாக வை. பூக்கவிடு. உயரத்தையும் முதல் பூ விரிந்த தேதியையும் எழுது. நோய் உள்ளது குட்டையாக இருக்கும், பூ சிறுக்கும், மற்றவற்றைவிட ஒரு வாரம் பத்து நாள் முந்திப் பூக்கும்.

அதுவரை 'இ'யைத் தொடும் வேலையைக் கடைசியில் வை. அதைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடாதே.


கண்ணாடிக்கூரை எழுதியது:

அம்மா சொல்வதற்கு ஒரு பக்கச் சாட்சி. நான் சட்டப்படி உரிமம் பெற்ற ஒரு மருத்துவக் கஞ்சாப் பசுங்குடிலில் வேலை செய்கிறேன். அதுவும் குறும்பகல் செடி. தாய்ச்செடிகளை நாளுக்கு 18 மணி நேர வெளிச்சத்தில் வைத்திருப்போம். எங்கள் துறையிலும் "பழைய தாய் களைத்துவிட்டது, ரகம் தேய்ந்துவிட்டது" என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிளை பக்கவாட்டில் படர்ந்து தொட்டாலே முறியும், கணு நெருங்கும், பூவில் சத்து இருக்காது. 2019இல் கலிபோர்னியாவில் சோதித்தபோது அந்தச் செடிகளில், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியின் வைராய்டு இருந்தது. ஹாப்ஸில் அதை 1980களிலேயே அறிந்திருந்தார்கள், யாரும் இந்தப் பக்கம் பொருத்திப் பார்க்கவில்லை. களைப்பு என்று பெயர் வைத்த பலவற்றுக்குள் இதுதான் ஒளிந்திருந்தது.

எங்கள் அனுபவத்தில் தாய் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும்போதே சோதனையில் பிடிபட்டிருக்கிறது. இலையில் இல்லை என்று வந்து வேரில் உண்டு என்று வந்ததும் நடந்தது. ஆகவே ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஒருமுறை இல்லை என்று வந்ததை வைத்துக் கொண்டாடிவிடாதீர்கள். மீண்டும் அனுப்புங்கள்.


செப்புச்சிலந்தி எழுதியது:

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். திரி இன்னும் திறந்திருப்பது நல்லதாகப் போயிற்று.

முதலில் நல்லது. மின்கலம் வைத்த டைமர் மாற்றினேன். மின்சாரம் போனாலும் கடிகாரம் ஓடுகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிள்ளுகிறேன். முதல் தடவை கிள்ளிய குருத்துகளைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்திருந்தேன், சொல்லிவிடுகிறேன். உப்பைக் கழுவியபோது தொட்டிக்கு அடியில் வடிந்த நீர் தேநீர் நிறத்தில் வந்தது. விரலால் ஒடித்த குச்சிகள் 'அ', 'ஆ', 'ஈ' மூன்றிலும் 11 நாளிலிருந்து 14 நாளுக்குள் வேர்விட்டன. ஒன்பது வயதுக் கிழவியின் குச்சிக்குத்தான் 11 நாள்.

அடுத்தது சோதனை. இருபது தொட்டிகள், தொட்டிக்கு ஒரு குச்சி, பக்கம் பக்கமாக. ஆறாவது வாரம்வரை வித்தியாசமே தெரியவில்லை. அம்மா வீணாகப் பயமுறுத்திவிட்டார் என்றுகூட நினைத்தேன். எட்டாவது வாரத்தில் 'இ' வரிசை ஒரு படி இறங்கி நின்றது. பூத்தபோது அளந்தேன்: 'அ', 'ஆ', 'ஈ' எல்லாம் 55 முதல் 62 சென்டிமீட்டர். 'இ'யின் ஐந்தும் 30 முதல் 36. முதல் பூ மற்றவற்றைவிட எட்டு நாள் முன்னதாக. இதழின் கொக்கி இருக்கிறது, செம்பு நிறம் வெளுத்துப் பித்தளை ஆகியிருந்தது.

'இ'யையும் அதன் ஐந்து பிள்ளைகளையும் மண்ணோடு மூட்டை கட்டி அப்புறப்படுத்தினேன். தொட்டியையும்தான். மற்ற மூன்றின் இலையையும் வேரையும் ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 'அ'வும் 'ஆ'வும் சுத்தம் என்று வந்தது. 'ஈ'யில் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்து, நேரத்துக்குப் பூத்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த 'ஈ'. நோட்டைப் புரட்டினேன்: போன ஆண்டு 'இ'க்கு அடுத்து 'ஈ'யில் குச்சி எடுத்ததாக என் கையெழுத்திலேயே இருக்கிறது. வரிசை எழுத்து மாறக்கூடாது என்று எப்போதும் அ, ஆ, இ, ஈ என்றே வெட்டி வந்திருக்கிறேன். 'அ'வும் 'ஆ'வும் தப்பியதற்கு என் கண்டிப்பு காரணமல்ல, அகரவரிசை காரணம்.

இப்போது 'அ'விலிருந்து மூன்று, 'ஆ'விலிருந்து இரண்டு புதுத் தாய்கள் தயார். இரண்டை மூலச்செடியாகத் தனி இடத்தில் வைத்து, காலையில் கை கழுவியதும் முதலில் அவற்றைத்தான் தொடுகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இடம் குறைவு. 'அ'வை என்ன செய்வது?


தாய்ப்பாத்தி எழுதியது:

இரண்டாம் சோதனைக்கு 'அ'வை மீண்டும் அனுப்பு. கண்ணாடிக்கூரை சொன்னதைக் கேள். மூன்று மாதம் கழித்து ஒன்று, கோடையில் ஒன்று. சூட்டிலும் வெளிச்சத்திலும்தான் இந்த நோய் நன்றாகத் தலைதூக்கும். புதுத் தாய்களையும் அதே நாளில் அனுப்பு. வேறு யாரிடமாவது, உன் வீட்டிலிருந்து தள்ளி, சுத்தம் என்று வந்த இரண்டு கன்றைக் கொடுத்து வை. உலகத்தில் என்னிடம் மட்டும்தான் என்ற பெருமை போகும், போகட்டும்.

'அ'விடம் இனிக் குச்சி கேட்காதே. விளக்கிலிருந்து தள்ளி வைத்து, கிள்ளாமல், வேண்டிய அளவு இருட்டைக் கொடு. இத்தனை ஆண்டாகப் பூக்காமல் பிடித்து வைத்திருக்கிறாய்.


செப்புச்சிலந்தி எழுதியது:

நேற்று மாலை விளக்கு படாத மூலைக்கு நகர்த்தினேன். தூக்க முடியவில்லை, இழுத்துத்தான் போனேன். ராத்திரி 11 மணிக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல இருட்டு.